பனியில் கோணிய முகம்

மார்கழியில் விடியுமுன்னே சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காதை மூடிக்கொள்ளுங்கள். மூடினால் முகம் கோணிப்போகும் இந்த நோய் வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் மூடிக்கொள்ளுங்கள். மப்ளரை யாருக்கும், எவ்வளவு நல்லவனாகத் தெரிந்தாலும், இரவல் கொடுக்காதீர்கள்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கே பனி என்றால் காலையில் புல்லின் மேல் கிடக்கும், வெயில் ஏறினால் காணாமல் போகும். அதோடு சரி. அறுபதுகளில் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, வடலூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகத் தொடங்கியபோதுதான் பனி என்பது கூடவே ஏறிக்கொண்டு வரும் என்று தெரிந்தது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போகும் ரோட்டில் டைனமோ விளக்கின் வெளிச்சம் முன்சக்கரத்தைத் தாண்டாது. எதிரே வருகிறவன் மோதிவிடக் கூடாதே என்று மணியடித்துக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில்பார் சில்லிட்டு விரல்கள் மரத்துவிடும். பிரேக்கைப் பிடித்தோமா இல்லையா என்பதே தெரியாது. புருவத்திலிருந்து தண்ணீர் சொட்டும்.

என் கூடவே மிதித்து வருகிறவன் கலியபெருமாள். உள்ளூர்க்காரன். அவன் குடும்பம் கூலி வேலை செய்த வயல்கள் எல்லாம் சுரங்கத்துக்குள் போய்விட்டன. என்னைவிட இரண்டொரு வயது சின்னவன், வாயாடி. சுரங்கத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் சொன்னதாக ஒருநாள் அளந்தான்.

“அவுங்க ஊர்ல ரோட்டு மேல ஐஸ் கெடக்குமாம்ணே. பாளம் பாளமா. அதுமேலதான் சைக்கிள் வுட்டுகினு வேலைக்குப் போவாங்களாம்.”

“ஐஸ் மேல சக்கரம் எப்படி நிக்கும்?”

“எனக்கு இன்னா தெரியும்? அந்த ஆளு சொல்லிச்சி.”

நான் நம்பவில்லை. ஐஸை நான் கண்டது மரத்தூளுக்குள் புதைத்துவைத்த கட்டியாகத்தான். அதன் மேல் சைக்கிள் விடுகிறான் என்றால், ஒன்று எஞ்சினியர் பொய் சொல்கிறார், அல்லது இவன் சொல்கிறான்.

நாங்கள் இருவரும் ஒரே பம்பு ஷெட்டில் உதவியாட்கள். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் உண்டு. அடியில் இருக்கும் தண்ணீர் பொங்கி மேலே வந்து சுரங்கத்தை மூழ்கடித்துவிடாமல் ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தனை ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பனியில் நனைந்து வந்து அந்தத் தண்ணீரில் முகத்தைக் கொடுத்தால் போன உயிர் திரும்பி வரும்.

இரண்டு பேரும் டெம்பரரி. நெய்வேலியில் அந்தக் காலத்தில் ஒருவனைப் பற்றி விசாரித்தால், ஜாதி ஊர் எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, “பெர்மனென்டா?” என்பதுதான். பெர்மனென்ட் என்றால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், குழாயில் தண்ணீர், கரண்ட் விளக்கு. இல்லையென்றால் என்றைக்கு வேண்டுமானாலும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அந்தத் தை மாதம் எங்கள் ஷெட்டில் ஒருவரை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் பார்த்து, உடம்பு சரி என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். எடுக்கப்போவது ஒருவரை. இருப்பதோ நாங்கள் இருவர். என் மனைவி பேச்சியம்மாள் அப்போது முழுகாமல் இருந்தாள். வேலை நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அவளும் நானும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கலியபெருமாள் மப்ளர் கேட்டான். காதுக்குள் குத்துகிறது, ஒருநாளைக்குக் கொடு என்றான். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவன் என் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு வந்தான். நான் வெறுங்காதோடு பனிக்காற்றில் மிதித்தேன். ஷெட்டுக்குப் போய், குழாயடியில் வெந்நீரை வாயில் வாங்கிக் கொப்பளித்தேன். தண்ணீர் நேரே போகாமல் வலது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது.

கலியபெருமாள் என்னையே பார்த்தான்.

“இன்னாண்ணே, என்னைப் பாத்துக் கண்ணடிக்கிற?”

“யாருடா கண்ணடிச்சா?” என்றேன். வார்த்தை குழறியது.

“ஐயோ, அண்ணே, ஒரு பக்கம் மூஞ்சே ஆடல!” என்று அலறினான்.

ஷெட்டில் ரசம் போன கண்ணாடித் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. அதில் பார்த்தேன். இமைத்தால் இடது கண் மட்டும் மூடியது. வலது கண் திறந்தபடியே முறைத்தது. வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கவாதம் என்றே நினைத்தேன். அடுத்துக் கை விழும், கால் விழும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கலியபெருமாள் தன் சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்தான். அவன் கழுத்தில் கிடந்த என் மப்ளரின் நுனி என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டே வந்தது. நல்லவேளை. என் முகத்தில் இருந்த எண்ணத்தை யாரும் படித்திருக்க முடியாது. முகந்தான் வேலை செய்யவில்லையே.

வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எதிரே ஓர் அம்மாள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். நான் இமைத்தேன். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். இமைக்காமல் இருக்க முயன்றேன். அது எத்தனை நேரம் முடியும்? மறுபடி இமைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த புருஷனிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றான்.

“பொம்பள இருக்கிற எடத்துல என்னய்யா சேட்டை?”

கலியபெருமாள்தான் நடுவில் புகுந்தான். “வாதங்க. மூஞ்சி வாதம். வேணும்னு செய்யல.” அந்த ஆள் நம்பாமலே திரும்பிப் போய் உட்கார்ந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரர், சென்னைக்காரர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பாதி சுருங்கவில்லை. கண்ணை இறுக மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், சீட்டியடிக்கச் சொன்னார். காற்றுதான் வந்தது. கையை அழுத்தினார், முழங்காலைச் சுத்தியால் தட்டினார். நாக்கில் சர்க்கரை, உப்பு, கசப்புக்குக் கொயினா மருந்து என்று ஒவ்வொன்றாகத் தடவி என்ன ருசி என்று கேட்டார். வலப்பக்கம் எல்லாமே மண் மாதிரிதான் இருந்தது. வேலைக்கு எடுக்கும் மெடிக்கலிலும் இவர்தான் உட்காருவார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே தெரிந்த ருசியைக் கூட்டியே சொன்னேன்.

நோயைப் பற்றி எனக்குப் பிறகு விளங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன். முகத்தை ஆட்டுவிக்கும் நரம்பு ஒன்று காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் குறுகலான துவாரம் வழியாக வருகிறது. அது வீங்கிவிட்டால் துவாரத்துக்குள் நசுங்கி, அந்தப் பக்கத்து முகம் படுத்துவிடும். பக்கவாதம் மூளையில் வருவது. அதில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், கை கால் விழும். இதில் நெற்றியும் சேர்ந்து போகும், கை கால் நன்றாக இருக்கும். ஏன் வீங்குகிறது என்று கேட்டால் குளிர்காற்று என்றும் சொல்கிறார்கள், காரணம் தெரியாது என்றும் சொல்கிறார்கள். டாக்டர்களுக்கே சந்தேகமாக இருக்கும் ஒரு விஷயத்தில் நான் மட்டும் ஏன் கலியபெருமாளை விட்டுவிட வேண்டும்?

சர்க்கரை, ரத்தம், காது எல்லாம் பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்துவிட்டார்கள். கன்னத்துக்கு ஒத்தடம், ஊசி, காதருகே கம்பியை வைத்துச் சுரீரென்று கரண்ட் கொடுக்கும் ஒரு வைத்தியம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கன்னத்தை ஊதவும், இழுக்கவும் பயிற்சி. கண்ணுக்குக் களிம்பு போட்டுத் துணியால் கட்டுவார்கள். தூக்கத்தில் கட்டு நழுவிவிடும். ஒரு கண் தூங்க, ஒரு கண் விழித்திருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் தன் ஆர்லிக்ஸ் பாட்டிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறேனாம்.

பேச்சி தினமும் வடலூரிலிருந்து பஸ் பிடித்துக் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவாள். வந்ததும் என் வலது பக்கமாக, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். நல்ல பக்கம் இடது பக்கம். நாற்காலியும் அங்கேதான் கிடந்தது. கோணல் முகத்தை வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று மறைக்கிறாள், என்னால் அவளுக்கு வெட்கம் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேவிட்டேன்.

“எதுக்கு இந்தப் பக்கமே உக்காருத?”

“அந்தப் பக்கம் உக்காந்தா கஞ்சி ஒழுகுதத யாரு தொடைக்க?” என்றாள். முந்தானை நுனியால் என் கடைவாயைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. இரண்டு கண்ணும் கலங்கியிருக்கும், ஆனால் வலது கண்ணில் எப்போதும் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

கலியபெருமாளும் வருவான், ஷிப்ட் முடிந்து நேரே. காதைச் சுற்றி என் மப்ளர். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுப்பான். “ஷெட்டப் பத்திக் கவலப்படாதண்ணே, எல்லாத்தையும் நான் பாத்துகினு இருக்கேன்” என்பான். அதுதான் என் கவலையே.

ஒருநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூட இன்னொரு இளம் டாக்டர். என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, இருவரும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்கு அந்த பாஷையில் ஷிப்ட், வால்வு, பியூஸ், லீவு போன்ற சாமான்களுக்கு மேல் தெரியாது. பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் இளம் டாக்டர் ஏதோ கேட்க, பெரியவர் தலையை அசைத்து, “நோ, நோ. நாட் பெர்மனென்ட்” என்றார். பிறகு, “ஒன்லி டெம்பரரி” என்றார். என் கன்னத்தில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குக் கட்டில் சுழன்றது. இரண்டே வார்த்தை. நெய்வேலியில் கைக்குழந்தைக்கும் அர்த்தம் தெரிந்த வார்த்தைகள். மெடிக்கல் பார்க்கிறவர் வாயாலேயே வந்துவிட்டது. இனி தீப்பெட்டி ஆபீஸ்தான்.

படுத்தபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் அழகாகப் பொருந்தியது. மப்ளரை வாங்கினவன் அவன். முகம் கோணியதை முதலில் பார்த்தவன் அவன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து டாக்டர் கண்ணில் காட்டினவனும் அவன்தான். இப்போது ஷெட்டில் தனி ராஜாவாக இருக்கிறவனும் அவன்தான். ஆரஞ்சுப் பழம் எதற்கு? மனசாட்சி உறுத்துகிறதற்கு.

அன்று கண்ணாடிப் பயிற்சியைச் செய்யவில்லை. கரண்ட் வைத்தியத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சாயங்காலம் கலியபெருமாள் வந்தபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் பழத்தை வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பேச்சி வந்ததும் சொன்னேன்.

“பெர்மனென்ட் இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாரு. கஞ்சிய அப்புறம் ஊட்டு. மொதல்ல துணிமணியக் கட்டு.”

அவள் கேட்டுக்கொண்டு கிண்ணத்தை மூடினாள். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கே வந்துகொண்டிருந்த டாக்டரை மறித்தாள். அந்தக் காலத்தில் டாக்டரை மறிப்பதென்பது சாதாரணக் காரியமில்லை.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு பெர்மனென்ட் இல்லன்னு சொன்னீகளாமே. அவுக என்ன தப்பு செஞ்சாக? வாயி கோணுனா பம்பு ஓடாதா?”

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “யாரும்மா சொன்னது?”

“நீங்கதான் சொன்னீக. நேத்து. கன்னத்துல தட்டிட்டுச் சொன்னீகளாம்.”

டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப் பாவி மனுஷா! நான் உன் மூஞ்சியைச் சொன்னேன்யா. இந்தக் கோணல் பெர்மனென்ட் இல்ல, கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்னு அந்த டாக்டருக்குச் சொன்னேன்.”

வார்டே சிரித்தது. ஆர்லிக்ஸ்காரர் இருமி இருமிச் சிரித்தார்.

“அப்ப வேலை?” என்றேன்.

“அதை ஆபீஸ்ல கேளு. மெடிக்கல்ல நான் நெஞ்சு, கண்ணு, காது பார்ப்பேன். அழகுப் போட்டியா நடத்தறேன்?”

பேச்சி அப்போதுதான் அழுதாள். எனக்கும் மனம் லேசாயிற்று. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்தியது. நல்ல சேதியாக இருந்தால் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே. அதையும் கேட்டேன். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்து கலியபெருமாள் வந்தபோது நான் கேட்காமலே ஒரு விஷயம் வெளியே வந்தது. மெடிக்கலுக்கு ஆபீசிலிருந்து கூப்பிட்டுவிட்டார்களாம், இரண்டு பேரையும். புதிதாகப் பக்கத்தில் இன்னொரு பம்பும் வருகிறதாம், அதனால் இடம் இரண்டாம். இவன் போகவில்லை. என் கூட்டாளி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அவன் எழுந்ததும் சேர்ந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

என்னால் நம்ப முடியவில்லை. “கூப்பிட்டாங்கன்னா ஒடனே போகாம, எனக்காக எதுக்குடா நின்ன?”

அவன் மப்ளர் நுனியைத் திருகிக்கொண்டு நின்றான். “ஒனக்காக இல்லண்ணே. அங்க ஊசி போட்டு ரத்தம் எடுப்பாங்களாம். தனியாப் போவ பயமா இருந்துச்சி.”

அவனை நான் நம்பினேன். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மப்ளரைப் பற்றிய சந்தேகம் மட்டும் இன்றுவரை தனியாகவே இருக்கிறது. அது தப்பென்று சொல்ல எனக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது என் முகம் பாதிதான் திரும்பியிருந்தது. இருவரும் சேர்ந்து மெடிக்கலுக்குப் போனோம். ரத்தம் எடுக்கும்போது அவன் என் கையை நசுக்கிவிட்டான். இரண்டு பேருமே தேறினோம். இரண்டு பேரையுமே எடுத்தார்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்று பேச்சி அதை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

வேலை உறுதியானதும் கேட் பாஸுக்குப் போட்டோ பிடித்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

“சிரிக்காதீங்க சார். நேரா பாருங்க.”

“சிரிக்கலைங்க. முகமே அப்படித்தான்.”

அவர் சந்தேகத்தோடே பிடித்தார்.

பங்குனி வெயில் ஏறியபோது முகம் முழுவதும் சரியாகிவிட்டது. கண் மூடியது, சீட்டி வந்தது, கஞ்சியில் உப்பு தெரிந்தது. டாக்டர் சொன்னது சரிதான். குவார்ட்டர்ஸுக்கு இன்னும் முறை வரவில்லை. வடலூரிலிருந்து பழையபடி சைக்கிளில் போனோம். அப்போதுதான் கைக்கு வந்த புதுப் பாஸோடு முதல்முறை கேட்டுக்கு வந்தபோது, அங்கே நின்ற காவல்காரர் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார்.

“இது யாரு பாஸ்?”

“என்னுதுதாங்க.”

“ஒன்னுதா? இந்த ஆளுக்கு வாய் கோணையா இருக்கே. யாரு பாஸத் தூக்கிகினு வந்த?”

ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. பின்னால் சைக்கிள்கள் வரிசையாக நின்றுவிட்டன. எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் வலது கண்ணை முழித்து, வாயை இடது காதுப் பக்கமாக இழுத்துக் காட்டினேன்.

“அட, நீதான்! போ, போ.”

அந்தப் பாஸை மாற்றித்தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை. காவலுக்குப் புது ஆள் வரும்போதெல்லாம் கேட்டில் நின்று முகத்தைக் கோணிக் காட்டினால்தான் உள்ளே போக முடிந்தது. பின்னால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கலியபெருமாள் சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சிரிப்பான். கோணல் பெர்மனென்ட் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆபீஸ் அதைத்தான் பெர்மனென்ட் ஆக்கியிருந்தது.